சீனாவுக்கு முதல் பயணம்: கேளுங்கள், சொல்கிறேன்

வேலை விஷயமாக அடிக்கடி சீனா போய்வருகிறேன். முதல் தடவை போகிறவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள். ஊரில் இருக்கும்போதே போனைத் தயார் செய்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும், அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

கேள்வி: அக்கா, எவ்வளவு யுவான் மாற்றிக்கொண்டு போகணும்? கார்டு போதாதா?

நம் கார்டை நேராகத் தேய்க்கிற இடங்கள் குறைவு, பெரிய ஹோட்டல்களில் நடக்கும். பழவண்டிக்காரர் வரைக்கும் கியூஆர் அட்டைதான் தொங்கவிட்டிருப்பார். கிளம்பும் முன்பே அலிபே என்ற பணம் கட்டும் ஆப்பை இறக்கி, பாஸ்போர்ட்டைப் பதிந்து, விசா கார்டையோ மாஸ்டர் கார்டையோ இணைத்துவிடுங்கள். வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட மறக்காதீர்கள். ஓடிபி நம் ஊர் எண்ணுக்குத்தான் வரும், அதனால் அந்த சிம்மும் வேலை செய்யணும். ஒரு தடவை கட்டுவது 200 யுவானுக்குள் இருந்தால் அலிபே கட்டணம் எடுக்காது, தாண்டினால் 3 சதவீதம். போன் சார்ஜ் போய்விட்டால் கைகொடுக்க ஒரு 500 யுவான் ரொக்கமாக இருக்கட்டும், போதும்.

கேள்வி: அங்கே வாட்ஸ்அப் ஓடாதாமே? அம்மாவிடம் தினமும் பேசியாகணும்.

அந்த ஊர் சிம்மிலும் ஹோட்டல் வைஃபையிலும் ஓடாது. வாட்ஸ்அப், ஜிமெயில், யூடியூப் எல்லாமே அடைப்புதான். ஆனால் நம் சிம்மில் ரோமிங் போட்டால் டேட்டா நம் ஊர் வழியாகச் சுற்றி வருவதால் எல்லாம் வழக்கம்போல ஓடும். கூகுள் மேப்பை மட்டும் நம்பாதீர்கள், இடம் தள்ளித் தள்ளிக் காட்டும். ஹோட்டல் முகவரியைச் சீன எழுத்தில் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், டாக்ஸிக்காரரிடம் அதுதான் செல்லும்.

கேள்வி: சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் ஏமாந்துபோவீர்கள். மெனு படத்தில் பீன்ஸ் வதக்கல் பச்சைப்பசேலென்று இருக்கும், தட்டு வந்ததும் கிளறிப் பாருங்கள், பொடிப்பொடியாகப் பன்றிக்கறி ஒட்டியிருக்கும். மாப்போ டோஃபு என்ற காரமான சோயாக்கட்டிக் குழம்பிலும் பெரும்பாலும் அப்படித்தான். கறியே இல்லாத கீரையைக்கூடப் பன்றிக்கொழுப்பிலோ சிப்பி சாஸிலோ வதக்குகிறவர்கள் உண்டு. அதனால் மீன், கோழி, முட்டை, பன்றிக்கொழுப்பு, சிப்பி சாஸ், இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சீனத்தில் எழுதி போனில் வைத்துக் காட்டுங்கள். நிம்மதியாகச் சாப்பிட பெரிய புத்தர் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்களைத் தேடிப் போங்கள். அங்கே பொதுவாக வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்கமாட்டார்கள். தட்டில் வாத்துக்கறி மாதிரி ஒன்று வந்தால் பதறவேண்டாம், சோயாவிலோ கோதுமைப் புரதத்திலோ செய்ததாக இருக்கும்.

கேள்வி: ஷாங்காயில் நண்பன் வீட்டில் தங்கலாமா?

தாராளமாக. ஹோட்டல் என்றால் போலீஸ் பதிவை அவர்களே செய்துவிடுவார்கள். வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீங்களே பதியணும், நண்பரையும் கூட்டிக்கொண்டு பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போய்விட்டு வாருங்கள்.

கேள்வி: பவர் பேங்க் கொண்டுபோகலாமா?

2025 ஜூன் 28 முதல், 3சி (CCC) என்ற சீனப் பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாததைச் சீனாவின் உள்நாட்டு விமானங்களில் ஏற்றவிடுவதில்லை. நம் ஊரில் வாங்கியதில் பெரும்பாலும் அது இருக்காது, பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்டோபர் முதல் வாரம் லீவு கிடைத்திருக்கிறது, போகலாமா?

வேண்டாம் தம்பி. அக்டோபர் 1 அவர்களுடைய தேசிய நாள், அந்த வாரம் நாடே ஊர்சுற்றக் கிளம்பிவிடும். ரயில் டிக்கெட்டும் கிடைக்காது, நிற்க இடமும் கிடைக்காது.

கேள்வி: சீனாவில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறதாமே, எங்கே?

தென்கிழக்குச் சீனாவின் துறைமுக ஊரான சுவான்சோவில் கிடைத்தது, இதைக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி! 1281ஆம் ஆண்டு, குப்லாய் கான் காலம். நம் வணிகர்கள் அங்கே சிவன் கோயில் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கோயில் இப்போது இல்லை, ஆனால் செதுக்கிய கற்கள் மிஞ்சியிருக்கின்றன. அதே ஊரில் உள்ள கையுவான் புத்தர் கோயிலின் முதன்மை மண்டபத்துக்குப் பின்பக்கம் போய், அங்குள்ள இரண்டு தூண்களையும் நிதானமாகச் சுற்றிப் பாருங்கள், கண்ணனும் நரசிம்மரும் இருப்பார்கள். முன்பக்கத்தோடு திரும்பிவிட்டால் தவறவிடுவீர்கள். ஊரின் கடல்சார் அருங்காட்சியகத்திலும் இப்படிச் செதுக்கிய கற்கள் நிறைய. ஷியாமென் வரை விமானத்தில் போய், அங்கிருந்து அதிவேக ரயில் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், சீனாவில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்கு அன்றுதான் விடுமுறை.