360 சதுர அடியில் சுஷிக் கடை: மேசையா, கவுன்ட்டரா?

கேள்வி: சென்னையில் 12 அடி அகலம், 30 அடி நீளத்தில் ஒரு வாடகைக் கடை பார்த்திருக்கிறேன். சுஷி உணவகம் தொடங்க ஆசை. உள்ளே ஜப்பானிய பாணியில் எளிமையாக இருக்க வேண்டும். நான்கு மேசை, 16 இருக்கை போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் பரிமாறுபவர் நடக்க வழி இருக்காது. இந்த நீள இடத்துக்கு ஒரே ஒரு கவுன்ட்டர்தான் சரி. அகலத்தை இப்படிப் பிரியுங்கள்: சுவரோரம் வேலை மேடை 2 அடி, சமையல்காரர் நிற்க 3, கவுன்ட்டர் 2, இருக்கை 2, மீதி 3 நடைபாதை. பின்னால் அடுப்புக்கும் கழிவறைக்கும் 8 அடி, வாசலில் 4 அடி விட்டால் கவுன்ட்டருக்கு 18 அடி மிஞ்சும். 8 பேர் தோள் இடிக்காமல் உட்காரலாம். ஜப்பானில் இந்த அளவில் நடக்கும் கடைகள் ஏராளம்.

அங்கே பல சுஷிக் கடைகளில் சமையல் பக்கத் தரையைத் தாழ்த்தியிருப்பார்கள். நிற்கும் சமையல்காரரின் கண்ணும் உட்கார்ந்திருப்பவரின் கண்ணும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். வாடகைக் கடையில் தோண்ட முடியாது. சாப்பிடுகிற பக்கத்தை அரை அடி உயர்த்துங்கள். படி வாசலிலேயே இருக்கட்டும், நடுவில் வைத்தால் யாராவது தடுக்கி விழுவார்கள்.

பணத்தைக் கவுன்ட்டரில் போடுங்கள். ஜப்பானியர் விரும்பும் ஹினோக்கி என்ற சைப்ரஸ் வகை மரத்தை இறக்குமதி செய்தால் பட்ஜெட் அதிலேயே தீரும். காரைக்குடியில் கிடைக்கும் பழைய பர்மா தேக்குப் பலகையே போதும். பளபள பாலிஷ் கூடாது. உணவு படக்கூடிய இடத்துக்கு ஏற்ற, மினுக்கில்லாத எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள்.

சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு. ஜப்பானியரின் ஷிக்குயி என்ற சுவர்ப்பூச்சும் அடிப்படையில் சுண்ணாம்புதான். செட்டிநாட்டு வீட்டுச் சுவர் மாதிரி கண்ணாடியாகத் தேய்த்துவிடாமல் கொத்தனாரைத் தடுப்பதுதான் உங்கள் வேலை! தரையில் பதிக்கும் ஜப்பானியத் தத்தாமி பாய் வேண்டாம், நம் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும்.

விளக்கு 2700 கெல்வின், அதாவது இதமான மஞ்சள் ஒளி; நிறத்துல்லியம் (CRI) 90-க்கு மேல். இல்லையென்றால் நல்ல மீனும் பழசாகத் தெரியும். வெற்றுச் சுவர்கள் பேச்சை எதிரொலிக்கும் என்பதால் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை தேவை.

அப்புறம், சாமான்கள். பில் மெஷின், பார்சல் பை, வருகிறவரின் ஹெல்மெட் எல்லாம் வெளியே தெரிந்தால் எவ்வளவு செலவழித்தும் பயனில்லை. ஒவ்வொரு இருக்கைக்கும் கவுன்ட்டருக்கு அடியில் சாமான் வைக்க ஒரு அலமாரித் தட்டு வையுங்கள். பிளாஸ்டிக் செர்ரிப் பூ, காகித விளக்கு வரிசை எதுவும் வாங்காதீர்கள். ஒரு ஜாடியில் அன்றைய பூ போதும்.

முன்பணம் கொடுக்கும் முன் புகைபோக்கியை எந்த வழியாக வெளியே கொண்டுபோகலாம் என்று கட்டட உரிமையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.