பனானாகிராம்ஸ் விளையாட்டை நண்பர்களோடு எப்படி விளையாடுவது?

144 ஆங்கில எழுத்து வில்லைகளையும் கவிழ்த்துப் போட்டுக் கலக்குங்கள். நான்கு பேர் வரை ஆளுக்கு 21, ஐந்தாறு பேருக்கு 15, ஏழெட்டுப் பேருக்கு 11 என வில்லைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஸ்பிளிட்’ என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்பி, அவரவர் முன்னால் குறுக்கெழுத்துப் போலச் சொற்களைக் கோக்க வேண்டும். முறை வைத்து ஆடுவது கிடையாது.

கையிலுள்ளது தீர்ந்தவர் ‘பீல்’ என்றால், அவர் உட்பட எல்லோரும் மீதமுள்ள வில்லைக் குவியலிலிருந்து ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். ‘யூ’ இல்லாமல் ‘க்யூ’ மட்டும் வந்து மாட்டினால் ‘டம்ப்’ சொல்லி அதைக் குவியலில் போட்டு மூன்று எடுக்கலாம். கட்டியதைக் கலைக்க மனமில்லாமல்தான் பலர் தேங்குகிறார்கள். தயங்காமல் கலைத்து அடுக்குங்கள்.

குவியலில் ஆள் எண்ணிக்கையைவிட வில்லைகள் குறைந்ததும், முதலில் முடித்து ‘பனானாஸ்’ என்பவர் வெல்வார். அவர் கட்டத்தில் தப்பான சொல் இருந்தால், வில்லைகளைக் குவியலில் போட்டுவிட்டு வெளியேற வேண்டும். மற்றவர்களுக்கு ஆட்டம் தொடரும்.