கார்டு முதலில் கைமாறட்டும்

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் இரண்டு ஏக்கர் நிலம் எங்களுக்கு. மகள் மூன்று வருடமாக ஸ்ரீபெரும்புதூரில் வெளிநாட்டு செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் ஏ.டி.எம். கார்டு என் மகனிடம் இருப்பதால் பணத்துக்குச் சிரமமில்லை. போன சம்பா நடவுக்கூலிகூட அதில்தான் கொடுத்தோம். ஆனால் வெளிநாட்டுக்காரன் எப்போது மூட்டையைக் கட்டுவானோ? நோக்கியாவைப் பார்த்தோமே. அவளைக் கூப்பிட்டுக் கல்யாணத்தை முடித்துவிடலாமா?

பதில்: ஐயா, நோக்கியா 2006-ல் அங்கே ஆலை தொடங்கி 2014-ல் மூடியது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேலை இழந்தார்கள். உங்கள் மகள் கம்பெனியும் ஒருநாள் மூடலாம். அது உங்கள் கையில் இல்லை, என் கையிலும் இல்லை.

கார்டு உங்கள் வீட்டில் இருக்கிறதே, அதைப் பேசுவோம்.

அந்தக் கம்பெனிச் சம்பளம்தான் உங்கள் வயலில் நடவுக்கூலியானது. நட்ட பெண்கள் அதைக் கொண்டுபோய் மளிகைக்கடையில் கொடுத்திருப்பார்கள், டிராக்டர்காரர் டீசல் போட்டிருப்பார். எங்கோ ஒரு கம்பெனி கொடுக்கும் கூலி, மேட்டூர்த் தண்ணீர் மாதிரி கடைமடைவரை வந்து பாய்கிறது. 2020-ல் டெல்டாவை வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டார்கள். புதிதாக எண்ணெய்க் கிணறு கூடாது, உருக்காலை கூடாது என்றார்கள். மண்ணுக்கு அது தேவைதான். ஆனால் அந்த மண்ணை நம்பி வருடம் முழுக்கச் சாப்பிட முடியாததால்தானே பிள்ளைகள் வடக்கே பஸ் ஏறுகிறார்கள்?

அப்படிப் போன பிள்ளை, ஷிப்ட் முடித்து விடுதிக்கு வந்து, சோப்பு வாங்கத் தம்பிக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டுமா? மடையைத் திருப்பி வைத்திருப்பது வெளிநாட்டுக்காரன் இல்லை, உங்கள் மகன். அவன் என்ன வேலை பார்க்கிறான் என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பெற்றவர்களைப் பிள்ளை பார்க்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஆனால் அவள் கையால் எடுத்துக் கொடுக்கட்டும். நீங்களாக எடுத்துக்கொள்வதற்குக் கடமை என்று பெயர் வைக்காதீர்கள்.

கம்பெனி மூடுமோ என்று உண்மையிலேயே கவலை இருந்தால் அவளிடம் இதைக் கேளுங்கள்: கம்பெனியின் நேரடி ஊழியர் பட்டியலில் இருக்கிறாளா, கான்ட்ராக்டர் பட்டியலிலா? ஆள்குறைப்பு என்று வந்தால் பெரும்பாலும் முதலில் வெளியே நிற்பது கான்ட்ராக்ட் பிள்ளைகள்தான். அப்புறம் பி.எஃப். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் அவள் பங்கு, அதே அளவு முதலாளி பங்கு. அது மாதாமாதம் ஏறுகிறதா என்று அவளே தன் போனில் பார்த்துக்கொள்ளலாம். நாளைக்குக் கம்பெனி போனாலும் அந்தப் பணமும் அவள் கற்ற வேலையும் அவளோடு வரும். உங்கள் மகன் எடுத்துச் செலவழித்தது வராது.

கல்யாணத்துக்கு அவள் என்ன சொன்னாள்? கடிதத்தில் அதுவும் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்களே பஸ் ஏறிப் போங்கள். கார்டை அவள் கையில் கொடுங்கள், ரகசிய எண்ணை மாற்றச் சொல்லுங்கள், அப்புறம் கேளுங்கள்.