‘குளூட்டன் இல்லை’ என்று அச்சடித்த முறுக்கு: எந்த ஆய்வறிக்கை நிற்கும்?

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேரனுக்குச் சிலியாக் நோய், கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் துளியும் ஆகாது. காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று போட்ட கைமுறுக்கு மூன்று பாக்கெட் வாங்கினேன். ஒன்றைப் பிரித்துத் தின்றவனுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, வாந்தி. அந்தப் பாக்கெட்டில் மிஞ்சியதைத் தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். கிலோவுக்கு 86 மில்லிகிராம் குளூட்டன் என்று வந்தது. கடைக்காரர் “அரிசி முறுக்கில் ஏது கோதுமை?” என்கிறார். ‘குளூட்டன் இல்லை’ என்று ஓர் அறிக்கையும் காட்டுகிறார். பில் தரவில்லை. வழக்குப் போடலாமா? – கானாடுகாத்தான் வாசகி

பதில்: போடலாம் ஆச்சி. ஆனால் கையிலிருக்கும் அறிக்கையை மட்டும் நம்பிப் போட வேண்டாம்.

அரிசியிலும் உளுந்திலும் குளூட்டன் கிடையாது என்பது சரிதான். பெருங்காயத்தில்? கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதா அல்லது கோதுமை மாவு சேர்ந்திருக்கும். டப்பாவின் பின்பக்கப் பொடி எழுத்தைப் பாருங்கள் (உங்கள் வீட்டு டப்பாவையும்தான்). மைதா பலகாரம் பொரித்த எண்ணெயிலேயே முறுக்கும் விழுந்திருக்கலாம்.

அவர் அறிக்கையின் நகலைக் கேட்டு, ‘சோதனை முறை’ என்ற கட்டத்தைப் படியுங்கள். அங்கே இருப்பது இந்த முறையாக இருக்கலாம்: மாவு மில்களில் மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசி, கையில் மிஞ்சும் ரப்பர் போன்ற பசையை எடைபோடுவார்கள். சப்பாத்திக்கு அந்த மாவு தேறுமா என்று பார்க்க அது போதும். சில மில்லிகிராம் அதில் பிடிபடாது. ‘குளூட்டன் இல்லாதது’ என்று போட நம் நாட்டு உணவுத் தர விதி அனுமதிப்பது கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரைதான். இதற்கு, எதிர்ப்பான் (குறிப்பிட்ட புரதத்தில் போய் ஒட்டும் பொருள்) கொண்டு துளிப் புரதத்தையும் அளக்கும் எலைசா சோதனை வேண்டும். ‘ஆர்5’ என்ற எதிர்ப்பான் கொண்ட எலைசாவைச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸும் ஏற்றிருக்கிறது.

உங்கள் அறிக்கை எலைசா முறையில் வந்ததுதான். வரம்பைப் போல் நான்கு மடங்கு. ஆனால் நீங்கள் அனுப்பிய நகலின் அடியில் ‘மாதிரி வாடிக்கையாளர் கொடுத்தபடி’ என்று ஒரு வரி இருக்கிறதே, எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேதான் கை வைப்பார். பிரித்த பாக்கெட், ரப்பர் பேண்ட் போட்டு அடுப்படியில் கிடந்தது, பக்கத்தில் யாரோ சப்பாத்தி தேய்த்திருக்கலாம் என்பார். அந்தப் பக்கம் நின்றால் நானும் அதைத்தான் கேட்பேன்.

அதனால் பிரிக்காத அந்த இரண்டு பாக்கெட்டையும் தொடாதீர்கள். கடையில் அதே பேட்ச் எண் இருந்தால், உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006, பிரிவு 40-இன்படி நீங்களே வாங்கிக் கட்டணம் செலுத்தி, அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் ஆய்வுக்குக் கொடுக்கலாம். ஆய்வுக்குத்தான் வாங்குகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியாக வேண்டும். எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். மாதிரி தேறாவிட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுத்து அவரே மாதிரி எடுத்தால் இன்னும் பலம்: நான்கு பாகமாகப் பிரித்து முத்திரை வைப்பார். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். எலைசா கேட்பதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

தவறான லேபிளுக்கு 3 லட்சம் வரை அபராதம் உண்டு, அது அரசுக்குப் போகும். உங்களுக்கு இழப்பீடு வேண்டுமென்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. கடையில் பேட்ச் தீர்ந்துபோனாலும், உங்களிடம் இருக்கும் பாக்கெட்டை ஆணையமே முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். பேரனுக்கு நோயை உறுதிசெய்த பழைய அறிக்கையும் இந்தத் தடவை பார்த்த டாக்டரின் சீட்டும் கூடவே வேண்டும்.

பில் இல்லாதது பெரிய தடை இல்லை. மகள் ஜிபேயில் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பிரிண்ட் போடச் சொல்லுங்கள். பிரித்த பாக்கெட்டின் கவரையும் வீசிவிடாதீர்கள், பேட்ச் எண் அதில்தான் இருக்கிறது.