ஆட்டிசம் உள்ள குழந்தையைக் கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்குறது ஏபிளிசமா?

கேள்வி கேட்டவரோட அக்கா பையனுக்கு ஆட்டிசம். தெரபில அவனைக் கண்ணைப் பார்த்துப் பேசணும், கையை உதறாம உட்காரணும்னு பழக்குறாங்களாம். அவன் நல்லதுக்குத்தானே பண்றாங்க, இதைப் போய் ஒருத்தர் ஏபிளிசம், அதாவது மாற்றுத்திறனாளிகள் மேல காட்டுற பாகுபாடுன்னு சொல்றாரே ஏன்னு கேட்டிருக்கார். எனக்கும் ஆட்டிசம் இருக்கு, வளர்ந்தப்புறம்தான் தெரிஞ்சுது, அதனால அனுபவிச்சவன்ங்கிற முறையில சொல்றேன்.

முதல்ல கண் விஷயம். மீட்டிங்ல ஒருத்தர் எனக்கு வேலை சொல்றார்னு வைங்க. நான் அவர் கண்ணைப் பார்த்துக்கிட்டு இருந்தா, ரெண்டு செகண்ட் ஆச்சா, அதிகமா முறைக்கிறோமா, இப்ப தலையாட்டணுமா, இமை கொட்டினோமான்னு மண்டைக்குள்ள இதுவே ஓடிக்கிட்டு இருக்கும், அவர் பேசி முடிக்கும்போது அவர் புருவத்துல இருக்கற தழும்புதான் ஞாபகத்துல நிக்கும், சொன்ன வேலை நிக்காது. அதே நான் மேஜையைப் பார்த்துக்கிட்டு நோட்டோட ஸ்பைரல் கம்பியைக் கட்டைவிரலால தேய்ச்சுக்கிட்டே கேட்டா ஒரு வார்த்தை விடாம காதுல ஏறும். ஆனா பார்க்கறவங்களுக்கு முதல் ஆள்தான் கவனிக்கிற ஆள், ரெண்டாவது ஆளுக்கு மரியாதை தெரியல. நான் கவனிக்கிறேனாங்கறதைவிட கவனிக்கிற மாதிரி தெரியறேனாங்கறதுதான் பெருசாப் போச்சு பாருங்க, இதைத்தான் ஏபிளிசம்னு சொல்றோம். திட்டுறது, ஒதுக்கி வெக்கிறது மட்டும் இல்ல. ஒரே மாதிரி உடம்பு, ஒரே மாதிரி மூளைதான் சரியானதுன்னு வெச்சுக்கிட்டு, மத்தவங்க எல்லாம் அதுகிட்ட எவ்வளவு நெருங்கி வர்றாங்கன்னு மார்க் போடுறது.

கையை உதறுறது, ஆடுறது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்றது, இதுக்கெல்லாம் ஸ்டிம்மிங்னு பேரு. சத்தமோ வெளிச்சமோ தாங்க முடியாம போறப்ப உடம்பு தன்னைத்தானே சமாளிக்கிற வழி அது, சில சமயம் வெறும் சந்தோஷத்துல வர்றது. அதை நிறுத்த வெச்சா உள்ள இருக்கற பதட்டம் நிக்காது, வெளிய தெரியறதுதான் நிக்கும். இப்படி நாள் முழுக்க மறைச்சுக்கிட்டே இருக்கறதை மாஸ்கிங்னு சொல்வாங்க. வெளிய ரொம்ப சமர்த்தா இருந்துட்டு வீட்டுக்கு வந்ததும் குழந்தை வெடிச்சு அழுதா அம்மா செல்லம் குடுத்துக் கெடுத்துட்டாங்கன்னு சொல்றாங்களே, அது அந்த நாளோட மொத்தப் பாரம்ங்க, அம்மாவைக் குத்தம் சொல்லாதீங்க. ஆட்டிசம் உள்ள பெரியவங்ககிட்ட 2018ல வந்த ஒரு ஆய்வுல இப்படி மறைச்சு வாழறதுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருக்கறது தெரிஞ்சுது. அதனாலதான் இதை சின்ன விஷயம்னு விட மனசு வரல.

இன்னொன்னு, எங்களுக்குப் பேசிப் பழகத் தெரியாதுன்னே ரொம்ப காலம் சொல்லிட்டு வந்தாங்க. டேமியன் மில்டன்னு ஒரு ஆராய்ச்சியாளர், அவருக்கும் ஆட்டிசம் உண்டு, 2012ல ஒரு கேள்வி எழுப்பினார்: புரிதல் ரெண்டு பக்கமும்தானே இருக்கணும், எங்களுக்கு உங்களைப் புரியலன்னா உங்களுக்கும்தான் எங்களைப் புரியல, அப்புறம் ஏன் குறை மட்டும் எங்க பக்கம்? 2020ல ஒரு குழு இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க, ஒரு கதையை ஒருத்தர்கிட்டேருந்து அடுத்தவர்னு எட்டு பேர் வரிசையாச் சொல்லணும். ஆட்டிசம் உள்ளவங்க மட்டும் இருந்த வரிசை, இல்லாதவங்க வரிசைக்குச் சமமாவே கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்துது, ரெண்டு பேரும் கலந்த வரிசையிலதான் நிறைய தொலைஞ்சுது. 2025ல இன்னும் பெரிய அளவுல பண்ணினப்ப கலந்த வரிசையிலகூட அந்தக் குறைச்சல் வரல. ஆனா ஆட்டிசம் உள்ளவங்க சொல்றதுல மட்டமானவங்கன்னு ரெண்டு தடவையும் வரல, அதை கவனிங்க.

எங்களுக்குள்ள ஒரு பழக்கவழக்கமே இருக்கு. ஜிம் சின்க்ளேர் மாதிரி ஆட்கள் 1996லயே அமெரிக்காவுல ஆட்டிசம் உள்ளவங்களே நடத்துற முகாம் ஆரம்பிச்சாங்க. அங்க சட்டையில கலர் அட்டை மாட்டிக்குற வழக்கம் வந்துது. சிவப்புன்னா யாரும் பேச வராதீங்க, மஞ்சள்னா தெரிஞ்சவங்க மட்டும், பச்சைன்னா பேச ஆசைதான் ஆனா ஆரம்பிக்க வராது, நீங்களே வாங்க. இவ்வளவுதான், யார் மனசையும் யாரும் ஊகிக்க வேண்டியதில்ல! கண்ணைப் பார்த்து மனநிலையைக் கண்டுபிடிக்கிறதைவிட இது எவ்வளவு நேர்மையா இருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

சரி, அப்ப மூளை வித்தியாசத்தைக் கொண்டாடினா போதுமான்னா, போதாது. எனக்கு வாய்ப்பேச்சு வருது, வேலை இருக்கு, என்னை மாதிரி ஆளை வெச்சு 'ஆட்டிசம்னா ஜீனியஸ்'னு சொல்றது ரொம்ப சுலபம். அதுல அடிபடறது வாய்ப்பேச்சு வராதவங்க, குளிக்க சாப்பிட ஆள் துணை வேணுங்கறவங்க. டேப்லெட்ல டைப் பண்ணி அதோட குரல்ல பேசற ஒருத்தர்கூட ஒரு இடத்துல இருந்தேன். 'எனக்கு' வரைக்கும் டைப் பண்ணிட்டார், அடுத்த சொல்லுக்கு விரல் போய்க்கிட்டு இருக்கு, அதுக்குள்ள எதிர்ல இருந்தவர் கூட வந்த அம்மாகிட்ட திரும்பி "இவருக்கு என்னம்மா வேணும்?"னு கேட்டுட்டார். விரல் அப்படியே நின்னுடுச்சு. பத்து செகண்ட் பொறுத்திருக்கலாம்.

2005ல அமெரிக்காவுல பேட்டி பெர்ன், லெராய் மூர்னு ரெண்டு பேர் சேர்ந்து சின்ஸ் இன்வாலிட்னு ஒரு குழு ஆரம்பிச்சாங்க, நிறவெறியையும் சேர்த்து அனுபவிச்ச மாற்றுத்திறனாளிகள் முன்னின்ன குழு அது. இதைத்தான் அவங்க அழுத்திச் சொன்னாங்க: ஒரு மனுஷன் எவ்வளவு சம்பாதிக்கிறான்னு பார்த்து அவன் மதிப்பைச் சொல்லாதீங்க, அதிகமா பாதிக்கப்பட்டவங்களே முன்ன நிக்கட்டும், ஒருத்தரை ஒருத்தர் நம்பி வாழறது கேவலம் இல்ல. 2006ல ஐநா கொண்டுவந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையிலயும், நியாயமான வசதி செஞ்சு தர மறுத்தா அதுவும் பாகுபாடுதான்னு தெளிவா இருக்கு. இரக்கப்பட்டுத் தர்ற விஷயம் இல்லைங்க அது.

உங்க அக்காகிட்ட தெரபியையே நிறுத்தச் சொல்லி நான் சொல்ல வரல. பேச்சோ படமோ டேப்லெட்டோ, தனக்கு வேணுங்கறதைச் சொல்ல ஒரு வழி அவனுக்குக் கண்டிப்பா வேணும், அதுக்கு உதவற தெரபிஸ்ட் கெடைச்சா விடாதீங்க. ஆனா ஒவ்வொரு பயிற்சிக்கும் இது யாருக்காகன்னு கேக்கச் சொல்லுங்க. அவன் 'வேண்டாம்'னு தலையைத் திருப்பினா அங்க அதை மதிக்கிறாங்களா, இல்ல முடிக்கிற வரைக்கும் விடறதில்லையான்னு பக்கத்துல உக்கார்ந்து பார்க்கச் சொல்லுங்க. உக்காரவே விட மாட்டேங்கறாங்கன்னா வேற இடம் பாருங்க. கை உதறுறதை விட்டுடுங்க, யாருக்கும் அதால நஷ்டம் இல்ல. தலையைச் சுவத்துல மோதிக்கறான், கையைக் கடிச்சுக்கறான்னா மட்டும் அது வேற விஷயம், அப்பவும் நடத்தையை அடக்குறதுக்கு முன்னாடி காது வலியா, பல் வலியா, வயிறு சரியில்லையான்னு டாக்டர்கிட்ட காட்டுங்க, சொல்ல வழியில்லாத வலி நிறைய தடவை அப்படித்தான் வெளிய வரும்.