முக்கால் ஆள்

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கிளெய்ம் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு பயிற்சி வகுப்பில் 'ஸாங்' என்ற கப்பலின் வழக்கைப் போகிறபோக்கில் சொன்னார்கள். காப்பீட்டுப் பணத்துக்காக அடிமைகளை உயிரோடு கடலில் எறிந்தது உண்மையா, மிகையா? ஆப்பிரிக்க மன்னர்களே ஆட்களை விற்றார்களாமே? அத்தனை பேர் இருந்தும் அவர்கள் ஏன் எதிர்க்கவில்லை? அந்தக் காலத்தில் சட்டப்படி சரியாக இருந்ததை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா? தவறாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

சரவணன்

அன்புள்ள சரவணன்,

மன்னிப்பெல்லாம் எதற்கு? கடைசிக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் திட்டு வாங்குவீர்கள். உங்கள் கடிதம் வந்த அன்று பரணிலிருந்து அப்பாவின் பழைய பேரேடுகளை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் இந்தப் பதில் இன்னும் ஆறு மாதம் கழித்துத்தான் வந்திருக்கும்.

உண்மைதான், மிகை இல்லை. அது டச்சுக்காரர்களிடமிருந்து பிடிபட்ட கப்பல். பழைய பெயர் ஸோர்க், 'அக்கறை' என்று பொருள். பெயரைத் திரும்ப எழுதியபோது ஸாங் ஆகிவிட்டது. லிவர்பூல் வியாபாரி வில்லியம் கிரெக்சனும் கூட்டாளிகளும் வாங்கினார்கள். கேப்டன் லூக் காலிங்வுட் அதற்கு முன்பு கப்பல் மருத்துவராக இருந்தவர். 1781 ஆகஸ்டில் ஆப்பிரிக்கக் கரையில் உள்ள அக்ராவிலிருந்து 442 பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது; அந்த அளவுக் கப்பலுக்கு மிக அதிகம். வழியில் நோய் வந்தது. போக வேண்டிய ஜமைக்காவை வேறு தீவு என்று நினைத்துத் தாண்டியும் போய்விட்டார்கள்.

நவம்பர் 29 அன்று பெண்களும் குழந்தைகளுமாக 54 பேரை அறையின் ஜன்னல் வழியாகக் கடலில் தள்ளினார்கள். டிசம்பர் 1 அன்று 42 ஆண்கள். அதற்கடுத்த நாட்களில் இன்னும் 36 பேர். பத்துப் பேர் தாங்களே குதித்தார்கள். ஒருவர் மட்டும் கயிற்றைப் பிடித்து ஏறித் திரும்பிவிட்டார் என்று விசாரணையில் வந்தது. காரணம் கேட்டால் தண்ணீர் போதவில்லையாம். இடையில் நல்ல மழை பெய்திருக்கிறது. ஜமைக்காவில் 208 பேரோடு கரை சேர்ந்தபோது 420 கேலன் தண்ணீர் மிச்சம் இருந்தது.

உங்களுக்கு இது சட்டென்று புரியும். நோயில் செத்தால் அது இயற்கைச் சாவு, நட்டம் உரிமையாளருடையது. மிச்சத்தைக் காப்பாற்றச் சரக்கில் ஒரு பகுதியைக் கடலில் எறிந்தால் காப்பீட்டாளர் கொடுக்க வேண்டும். தலைக்கு 30 பவுண்ட். கிரெக்சன் தரப்பு கிளெய்ம் போட்டது. 1783 மார்ச்சில் ஜூரி அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. காப்பீட்டாளர்கள் மறு விசாரணை கேட்டுப் போனார்கள். குதிரைகளைக் கடலில் எறிந்ததைப் போலத்தான் ஜூரி இதைப் பார்த்தது என்றார் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு. மறு விசாரணைக்கு உத்தரவிட்டார். அது நடந்ததற்குத் தடயம் இல்லை. கப்பலின் நாட்குறிப்பும் காணாமல் போனது. கிளெய்ம் மட்டும் பத்திரமாக இருந்தது.

சரி, மற்ற கேள்விகள். மன்னர்கள் விற்றார்களா? விற்றார்கள், யார் இல்லை என்றது? தன் நாடு ஆளில்லாமல் காலியாகிறது என்று போர்ச்சுகல் மன்னருக்கு 1526ல் கடிதம் எழுதிய காங்கோ மன்னர் அஃபோன்சோவும் இருந்தார். விற்றவன் இருந்தான் என்பதற்காக வாங்கியவன் கணக்கு நேராகிவிடாது. எதிர்க்கவில்லையா? கப்பலைச் சுற்றி எதற்கு வலை கட்டினார்கள், தளத்தின் குறுக்கே எதற்குத் தடுப்புச்சுவர் எழுப்பினார்கள் என்று யோசியுங்கள். சுமார் பத்துப் பயணங்களுக்கு ஒன்றில் கலகம் நடந்திருக்கிறது என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

இப்போது திட்டு. 'அந்தக் காலத்தில்' என்கிறீர்களே, யாருடைய காலம் அது? 1783 மார்ச்சில் ஒலாடா எக்வியானோ, அடிமையாக இருந்து தன்னை விலை கொடுத்து மீட்டுக்கொண்டவர், அடிமை முறையை எதிர்த்துப் போராடிய கிரான்வில் ஷார்ப்பின் வீட்டுக்குப் போய் இந்தச் செய்தியைச் சொன்னார். இது கொலை, வழக்குப் போடுங்கள் என்று ஷார்ப் மேலே எழுதினார். இருவரும் அந்தக் காலத்தில்தான் உயிரோடு இருந்தார்கள். கடலில் தள்ளப்பட்ட 132 பேரும் அதே காலத்தவர்கள்தான். அவர்களில் ஒருவருக்காவது இது சரி என்று தோன்றியிருக்குமா? காலத்தின் அளவுகோல் என்று நீங்கள் சொல்வது கிரெக்சன் வீட்டு அளவுகோல். படித்த பிள்ளை, அதைக் கையில் எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. அடிமை வியாபாரம் என்றதும் எல்லோருக்கும் சாட்டைதான் ஞாபகம் வருகிறது. சாட்டை படம் பிடிக்க வசதியானது. பேரேட்டை எப்படிப் படம் பிடிப்பது? ஏறக்குறைய 1 கோடியே 25 லட்சம் பேர் ஆப்பிரிக்காவிலிருந்து ஏற்றப்பட்டார்கள், 1 கோடியே 7 லட்சம் பேர்தான் கரை இறங்கினார்கள் என்று இன்று சொல்ல முடிகிறதென்றால், கப்பல்காரர்களும் துறைமுகத்துக்காரர்களும் எழுதி வைத்ததால்தான். சுமார் 36,000 பயணங்களின் விவரம் தொகுக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவு சுத்தமான கணக்கு.

ஸ்பானியர்களிடம் 'பியெசா த இந்தியாஸ்' என்று ஓர் அலகு இருந்தது. நல்ல உடற்கட்டுள்ள வாலிபன் ஒரு பியெசா. வயது தாண்டினாலோ, குழந்தையானாலோ, கண்ணோ காலோ பழுதானாலோ பின்னம். முக்கால் ஆள், அரை ஆள். 1713ல் ஸ்பெயின் பிரிட்டனுக்குக் கொடுத்த அடிமை வியாபார ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 4,800 பியெசா என்று எழுதியிருக்கிறது. மனிதர்கள் எத்தனை பேர் என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஏழாயிரமாக இருந்தாலும் கணக்கில் 4,800 ஆகலாம். ஓர் ஆளின் விலைக்கு ஈடான இந்தியத் துணியிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது என்றும் சொல்வதுண்டு. சோழமண்டலக் கரையில் நெய்த துணியும் அந்தச் சந்தைக்குப் போனது என்பதால் அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குக் கை நின்றுவிடும்.

முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி. கிலோ வந்து வெகு நாளான பிறகும் அப்பா இதில்தான் மனக்கணக்குப் போடுவார். எங்கள் ஊரில் ஒரு வற்றல் மண்டியில் அவர் கணக்குப்பிள்ளை. பள்ளி விட்டதும் அங்கே போய் உட்காருவேன், தும்மிக்கொண்டே. மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவர் என்னைத் தோளில் தூக்கி மூட்டை அடுக்கின் உச்சியில் வைப்பார். சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு மழைக்காலத்தில் அந்த அடுக்கு சரிந்து அவர்மேல் விழுந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அந்த வருஷப் பேரேட்டைத்தான் அன்று தட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவின் முத்து முத்தான கையெழுத்து. 'சேதாரம்: வற்றல் 3 மூட்டை.' அதற்குக் கீழே, 'இதரச் செலவு: ரூ. 150.' அவ்வளவுதான். முதலாளி அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்த பணம் அது.

இரண்டும் ஒன்று என்கிறேன் என்று யாரும் கிளம்பி வந்துவிடாதீர்கள். சித்தப்பாவை யாரும் விலைக்கு வாங்கவில்லை, யாரும் தள்ளியும் விடவில்லை. அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் மூட்டைக்குத் தலைப்பு இருந்தது. கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் சண்டைக்காரனைப் போல அவரிடம் கேட்டேன், ஒரு வரி பெயராவது எழுதியிருக்கக் கூடாதா என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்தப் பத்தியில எழுதச் சொல்றே?" என்றார்.

எக்வியானோ 1789ல் தன் வரலாற்றைத் தானே எழுதி வெளியிட்டார். ஆங்கிலம் கொஞ்சம் பழையது, பரவாயில்லை, படியுங்கள். கப்பலின் கீழ்த்தளத்தைச் சொல்லும் பகுதியை மட்டும் ராத்திரியில் படிக்க வேண்டாம். முடித்ததும் எழுதுங்கள். இப்போது பேரேட்டைக் கட்டி மறுபடி பரணில் ஏற்ற வேண்டும், வீட்டில் தும்மல் தாங்கவில்லை.