பெட்டி இறங்கிய பிறகுதான் போட்டி

மகளை மரைன் இன்ஜினியரிங்கில், அதாவது கப்பல் இயந்திரப் படிப்பில் சேர்க்க வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது, அம்மா. ஆனால் வைக்காதீர்கள். கப்பலில் இருக்கும் சித்தப்பா சொன்னார் என்பதைத் தவிர, அந்தப் படிப்புக்கு உங்கள் கடிதத்தில் ஒரு காரணம்கூட இல்லை. அவளைப் பற்றி எழுதிய ஒரே வரி, ரயில் கால அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு எந்த வண்டி எதற்காக எங்கே நிற்கிறது என்று மணிக்கணக்கில் கணக்குப் போடுகிறாள் என்பது. அதைக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். அந்தக் கணக்குக்கு ஏற்ற வேலை துறைமுகத்திலேயே இருக்கிறது: கப்பலிலிருந்து இறங்கும் கன்டெய்னர் பெட்டிகளை ரயிலில் ஏற்றத் திட்டமிடுவது.

துறைமுகம் என்றாலே கப்பல்தான் என்று உறவினர்கள் நினைக்கிறார்கள். துறைமுகங்களுக்கிடையே நடக்கும் போட்டியில் பாதி கரையில் நடக்கிறது. உள்நாட்டுத் தொழிற்சாலைக்குச் சரக்கு எங்கே இறங்கினால் என்ன? வாசலுக்கு என்றைக்கு வரும், என்ன செலவாகும், அவ்வளவுதான் கேள்வி. நெதர்லாந்தின் ராட்டர்டாம், பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப், ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆகிய மூன்று துறைமுகங்களும் ஜெர்மனியின் சரக்குக்காக மோதுகின்றன. ராட்டர்டாமிலிருந்து ஜெர்மன் எல்லை வரை சரக்கு ரயிலுக்கென்றே 160 கிலோமீட்டர் பாதை போட்டு 2007இல் திறந்தார்கள். அதே ஆண்டு கனடாவின் பிரின்ஸ் ரூபர்ட்டில் கன்டெய்னர்களை ஏற்றி இறக்கும் முனையம் வந்தது. சின்ன ஊர், உள்ளூரில் அவ்வளவு சரக்கை வாங்க ஆளில்லை. ஆசியாவிலிருந்து கடல்வழி கிட்டம், அங்கிருந்து சிகாகோ வரை ரயில். இந்த இரண்டை நம்பியே பெரிய துறைமுகங்களோடு மல்லுக்கு நிற்கிறது. 2024 ஆகஸ்டில் கனடாவில் சரக்கு ரயில்கள் நின்றபோது, ரயிலை மட்டும் நம்புவதன் ஆபத்தும் தெரிந்தது.

மிகப் பெரிய கப்பலில், இருபதடி நீளப் பெட்டிக் கணக்கில், 24,000 பெட்டிகள் ஏறும். ஐரோப்பாவின் 740 மீட்டர் நீள ரயிலில் ஏறுவது ஏறத்தாழ நூறு. நடுவில் நின்று இந்தக் கணக்கை நேர்செய்பவர் முனையத்தின் ரயில் பிளானர். காலை வண்டிக்குப் போகவேண்டிய பெட்டி, அடுக்கி வைக்கும் யார்டில் நான்கு பெட்டிகளுக்கு அடியில் கிடக்கும். மேலே இருப்பதையெல்லாம் எடுத்து வைத்தால் கிரேன் நேரம் வீண், விட்டுவிட்டால் வேகன் காலியாகப் போகும். எந்த வேகனில் கனமான இருபதடி, எதில் நாற்பதடி, அச்சு எத்தனை டன் தாங்கும், தீப்பற்றும் சரக்கை எதன் பக்கத்தில் வைக்கக்கூடாது என்பதெல்லாம் அவர் முடிவு. ஒவ்வொரு பெட்டியிலும் நான்கு எழுத்து, ஏழு இலக்கம் இருக்கும். எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. கடைசி இலக்கத்தை விட்டு முதல் பத்தின் மதிப்பையும் முறைப்படி பெருக்கிக் கூட்டி 11ஆல் வகுத்தால், மீதியை வைத்துக் கடைசி இலக்கம் வரும். வரவில்லையா, யாரோ எண்ணைத் தப்பாகத் தட்டியிருக்கிறார்கள். இதை உங்கள் மகளிடம் சொல்லிவிட்டு முகத்தைப் பாருங்கள்.

இதற்குக் கணிதமோ புள்ளியியலோ போக்குவரத்துத் திட்டமிடலோ, கட்டுப்படியாகும் கட்டணத்தில் ஒரு பட்டம் போதும். ஷிப்ட் வேலை, இரவுப் பணி உண்டு. தொடக்கத்தில் முனையத்தின் வாசலில் நின்று பெட்டிகளின் எண்களைச் சரிபார்க்கவும் வேண்டியிருக்கும். அதை மறைக்க மாட்டேன். இந்த வாரமே முன்பணம் கட்டினால்தான் இடம் என்று நெருக்கும் கல்லூரிக்கு ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள்.

சித்தப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், அவளல்ல. அடுத்த முறை அவளையும் அழைத்து வாருங்கள். ரயில் கணக்குப் போடும் நோட்டை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள்.